சுலபமாக அகப்பட்ட கரப்பான்கள்

ஆய்வுக்கூடப் பதிவேட்டில் ஆறாவது கட்டத்தை நீங்கள் யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன். போன மாதம் வந்திருந்தபோது நானே புரட்டிப் பார்த்தேன். 'பூச்சியைப் பிடித்தது யார், எங்கே, எவ்வளவு சிரமப்பட்டு?' என்று அச்சடித்திருக்கும் இடத்தில் ஒருவர் கோடு போட்டிருக்கிறார். ஒருவர் 'வழக்கம்போல' என்று எழுதியிருக்கிறார். இன்னொரு புண்ணியவான் 'கரப்பானைக் கேட்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். யாரென்று தெரியும், சொல்லமாட்டேன். கையெழுத்து அழகாக இருந்தது.

ஏதோ மேலிடத்து உத்தரவு என்று நினைத்து நீங்கள் அந்தக் கட்டத்தைக் கேலி செய்கிறீர்கள். அது உத்தரவு இல்லை. அது எப்படி வந்தது என்று சொன்னால் ஒருவேளை நிரப்புவீர்கள். நிரப்பாவிட்டாலும் பரவாயில்லை, ஓய்வுபெற்றவளுக்குப் பேச ஒரு சாக்குக் கிடைத்தது.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைக் காலி செய்து அதற்கு ஆய்வுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தோம். நாங்கள் என்றால் இரண்டே பேர். பேராசிரியர் ஒருவர், ஆய்வு மாணவியாக நான். அவர் ஓய்வுபெற ஓராண்டு இருந்தது. என் உதவித்தொகை முடிய மூன்று மாதம் இருந்தது. ஆய்வுத் திட்டத்தை இன்னும் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கச் சொல்லி டெல்லியில் பணம் தரும் குழுவுக்கு எழுதியிருந்தோம். அவர்கள் நீட்டித்தால் நான் ஆராய்ச்சிக்காரி. இல்லையென்றால் எங்கள் ஊர் அமராவதிபுதூரில் அப்பாவின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் பையன் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எனக்கு அப்போது கரப்பான்களைத்தான் பிடித்திருந்தது.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டாருக்காக நாலு வரி சொல்கிறேன். கரப்பானின் வயிற்றுப் பக்கமாக ஓடும் நரம்புத் தண்டில் சில இழைகள் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். அதில் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான மின்னழுத்தத்தை நாம் சொல்கிற அளவில் பிடித்து நிறுத்தவேண்டும். உடனே சோடியம் அயனிகள் உள்ளே பாயும். கண்மூடித் திறப்பதற்குள் அந்த வாசல் சாத்திக்கொள்ளும். பிறகு பொட்டாசியம் வெளியே போகும். இந்த வரத்தும் போக்கும் மின்னலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு பள்ளமும் அடுத்து ஒரு மேடுமாகத் தெரியும். அதைப் படச்சுருளில் எடுத்து, கழுவி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, காய்ந்ததும் அளந்து பார்ப்போம். காரைக்குடி வெயிலில் எல்லாம் தலைதெறிக்க நடந்து முடிந்துவிடும் என்பதால், நரம்பிழை கிடக்கும் கிண்ணத்தைச் சுற்றி சோடாக் கடை ஐஸைப் போட்டுக் குளிரவைப்போம்.

முதல் ஆறு வாரம் திரையில் நரம்பே தெரியவில்லை. கட்டடத்தில் ஓடும் மின்சாரத்தின் அலைதான் தெரிந்தது. பேராசிரியர் கோழிக்கூண்டு வலையை வாங்கிக் கருவியைச் சுற்றிக் கட்டினார். பிறகு நிலத்தில் ஒரு செப்புக் குழாயை இறக்கி, உப்பும் தண்ணீரும் ஊற்றி, அதோடு கம்பியை இணைத்தார். ஒருநாள் திரை துடைத்துவிட்டதுபோல ஆயிற்று. எங்கள் இருவருக்கும் அன்றைக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை. இனிமேல் திரையில் தெரிவதெல்லாம் நரம்பு சொல்வதுதான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்த சிக்கல் கரப்பான். செட்டிநாட்டில் கரப்பானுக்கா பஞ்சம் என்பீர்கள். ஒவ்வொரு வீடும் தெருவின் இந்த முனையில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அத்தனை அறை, அத்தனை அண்டா. ஆனால் போய்க் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் கரப்பான் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் காபி கொடுத்து, எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது, எதிர் வீட்டில் கேளுங்கள் என்றார்கள். எதிர் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரே ஒரு ஆச்சி ஒப்புக்கொண்டார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும், வாட்டசாட்டமான பெண்மணி. நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார்.

"இருக்குத்தா. எங்க வீட்ல இல்லாதது என்ன இருக்கு? ஆனா ஒண்ணு. எந்த வீட்டுலருந்து வருதுன்னு வெளிய மூச்சு விடக் கூடாது. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா."

நான் சத்தியம் செய்தேன். அதனால்தான் எங்கள் பதிவேட்டில் கரப்பான் எங்கிருந்து வந்தது என்று எழுத இடமே வைக்கவில்லை. 'ஆண், முதிர்ந்தது' என்று மட்டும் எழுதுவோம். பேராசிரியருக்குக்கூட வீடு தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள் நான் பிஸ்கட் டப்பாவோடு போவேன். பின்கட்டில் இருவருமாகத் துரத்துவோம். ஆறு பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதில் இரண்டு பஸ்ஸில் தப்பும். அப்போது கண்டக்டர் என்னைப் பார்க்கும் பார்வையை நான் பார்க்கவில்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆடி மாதத்தில் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. நான் போவதற்கு முன்பே அங்கே ஒரு டப்பா நிரம்பியிருந்தது. ஆச்சியே பிடித்து வைத்திருந்தார். பஸ்ஸில் ஒன்றும் ஓடவில்லை, டப்பாவுக்குள் மெல்ல நடுங்கிக்கொண்டு இருந்தன. பஸ் குலுக்கல் என்று நினைத்தேன். மேஜையில் கிடத்தி ஊசி குத்தினால் முன்புபோல உதைக்கவில்லை. இழையைப் பிரித்தெடுக்க முன்னெல்லாம் இரண்டு மணி நேரம் ஆகும், இப்போது அரை மணி நேரத்தில் முடிந்தது. "கை பழகிருச்சும்மா ஒனக்கு" என்றார் பேராசிரியர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது?

அந்த வாரம்தான் வால் தெரிந்தது.

உள்ளே பாயும் சோடியம் சட்டென்று நிற்கவேண்டும் என்று சொன்னேன் அல்லவா? இது நிற்கவில்லை. பெரும்பகுதி நின்ற பிறகும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகும் இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஓய்ந்தது. திரையில் நீளமாக ஒரு வால். ஐஸ் கூடினால் வால் இன்னும் நீண்டது. ஒரு பூச்சியில் இல்லை, அடுத்தடுத்துப் பதினொரு பூச்சியில். இதுவரை யாரும் பார்க்காத மின்னோட்டம் ஒன்று கரப்பானின் நரம்பில் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். ஆடிக்கு முன்னால் எடுத்த படங்களில் வால் இல்லையே என்று கேட்பீர்கள். அதற்கும் எங்களிடம் பதில் இருந்தது. அப்போது கை பழகவில்லை, இழையைப் பிரிக்கும்போதே வாலைச் சாகடித்துவிட்டோம். அந்தப் படச்சுருள்களை 'பழுது' என்று எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மூடியாயிற்று.

பேராசிரியர் டெல்லிக்கு எழுதினார். இந்த மாதிரி ஆய்வுகளை நன்கு அறிந்த ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று பதில் வந்தது. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. பேராசிரியர் தன் மகளுக்குக் கடிதம் எழுதினார், கோழி வலையைத் துடைத்தார், எனக்குத் தெரிந்து முதல்முறையாகச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். முப்பது ஆண்டுகள் மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் பாடம் நடத்திய மனிதர். கரும்பலகையில் அந்த வாலை வரைந்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் நீட்டுவார்.

செவ்வாய்க்கிழமை காலை டப்பாவை வாங்க ஆச்சி வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வீட்டின் நடுமுற்றமான வளவு முழுக்கச் சீர்ச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர் ஒரு பக்கம், கால் வைக்க இடமில்லை. பட்டப்பகலில், அத்தனை வெளிச்சத்தில், இரண்டு தவலைகளுக்கு நடுவே ஒரு கரப்பான் தள்ளாடிக்கொண்டு நடந்து வந்தது. ஆச்சி குனிந்து விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டினார். அது டப்பாவுக்குள் போய் விழுந்தது.

"என்ன ஆச்சி, கூப்புட்டா வருதுக?" என்றேன்.

"இப்ப இப்புடித்தான்த்தா. பகல்லயே வந்து நிக்குது. பொடி போட்டதுலருந்து ரொம்பச் சாதுவாயிருச்சுக."

"என்ன பொடி?"

"டி.டி.டி. பொடிதான். சாமான் அறையில அம்புட்டுக்கும் தூவுனேன். சம்பந்தி வீட்டுப் பொம்பளைக வந்து ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாப்பாக. அண்டாவக் கவுத்தா உள்ளருந்து ஒண்ணு ஓடுச்சுன்னா நா எங்கிட்டுப் போயி மூஞ்சிய வச்சுக்கிறது? அதுக்காக ஒன்னய விட்ற முடியுமா? செத்ததக் கூட்டித் தள்ளிட்டு, சாகாததா பாத்து ஒனக்குன்னு பொறுக்கி வச்சேன்."

என் கையில் காபி டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது.

"எப்ப ஆச்சி போட்டீக?"

"ஆடி ரெண்டாம் வெள்ளிக்கு மறுநா. வெள்ளிக்கெழம பூச்சியக் கொல்லக் கூடாதுல்ல."

வாலைப் பிடித்த முதல் படச்சுருளின் தேதி எனக்கு மனப்பாடம். ஆடி இரண்டாம் வெள்ளிக்கு அடுத்து வந்த புதன்கிழமை.

கல்லூரி வரை நடந்தே போனேன், பஸ் ஏறத் தோன்றவில்லை. அந்தப் பொடி பூச்சியைக் கொல்வதே நரம்பின் சோடிய வாசலைச் சாத்தவிடாமல் செய்துதான் என்று நான் படித்திருக்கிறேன். குளிரில் அதன் வேலை கூடும் என்றும் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். ஐஸைப் போட்டு, வால் நீளுவதைப் பார்த்துக் கைதட்டியதும் நான்தான். புதிதாக எதையோ கண்டுபிடித்தோம் என்று நினைத்தோமே, ஒரு மாதமாக விஷம் தின்ற பூச்சியின் படத்தை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வழியெல்லாம் தப்பிக்க வழி தேடினேன். டப்பாவில் சில பூச்சிகள் சமையல்கட்டிலிருந்து வந்திருக்கலாம். பொடி நரம்பு வரை போயிருக்காது. வருகிறவர் பூச்சி எங்கிருந்து வந்தது என்றா கேட்கப்போகிறார்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கடைசி யோசனைதான் எனக்கு ரொம்ப நேரம் ஆறுதலாக இருந்தது.

போனதும் சொல்லவில்லை. பத்து மணிக்குச் சொல்ல நினைத்தேன், அவர் கரும்பலகைப் படத்தைக் கலர் சாக்பீஸில் வரைந்துகொண்டிருந்தார். மதியம் சொல்ல நினைத்தேன், தன் புளியோதரையில் பாதியை என் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தார். மூன்று மணிக்குத்தான் வாய் வந்தது. வீட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். என்றைக்குப் பொடி போட்டார்கள்? 'பழுது' என்று எழுதிய பெட்டி எங்கே? இருவருமாக அந்தப் பழைய படச்சுருள்களை எடுத்து, வால் தெரிந்த சுருள்களோடு சேர்த்துக் கொடியில் தேதி வாரியாகத் தொங்கவிட்டோம். ஆடி இரண்டாம் வெள்ளி வரை ஒன்றிலும் வால் இல்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் வால். நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளிக்கு முன்னால் அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது ஒனக்கும் அந்த அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும், இல்லையா?" என்றார்.

"ஆமா சார்."

"அந்த அம்மாவுக்கு இது என்னன்னு தெரியாது."

"தெரியாது சார்."

அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையேதான் நான் கல்லூரிக்கு வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். பெரியவர் ஒருவர் உடனே நியாயத்தை எடுத்துச் சொல்லி என்னை நல்வழிப்படுத்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் முக்காலியிலும் நான் கொடிக்குப் பக்கத்திலுமாக, இரண்டு பேரும் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அப்போது சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அது நேர்மையைப் பற்றியது இல்லை.

"எங்க வீட்ல கரப்பான் இருக்கு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆய்வில் சேர்ந்த முதல் நாளே அவர் என்னிடம் கேட்டிருந்தார், உங்கள் வீட்டில் கிடைக்குமா என்று. எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூடக் கிடையாது சார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். காபி கொடுத்து எதிர் வீட்டுக்கு அனுப்பினார்களே, அவர்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"நெறைய இருக்கா?" என்றார்.

"வெறகு அறை பூரா சார்."

"பொடி?"

"எங்க அம்மா எந்த மருந்தையும் வீட்டுக்குள்ள விடமாட்டாக. மலேரியாக்காரங்க மருந்தடிக்க வந்தப்பகூடச் சண்ட போட்டுத் திருப்பி அனுப்பிட்டாக."

அவர் எழுந்து இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அமராவதிபுதூருக்கு மொத பஸ் எத்தன மணிக்கும்மா?" என்றார்.

புதன்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலேஜ் வாத்தியார் வருகிறார் என்று அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டு, நல்ல பாயை எடுத்து விரித்திருந்தார். அவர் பாயைத் தாண்டிப் போய் விறகு அறையில் மண்டியிட்டார். இந்தக் கரப்பான்கள் ஒன்றும் சாது இல்லை. விறகை எடுத்தால் மின்னலாக ஓடின. சுவரில் ஏறி, முகத்துக்கு நேரே பறந்தன. அவர் ஒருமுறை பனைமட்டையில் வழுக்கி விழுந்தார். இன்னொரு முறை என்மேல் விழுந்தார். அம்மா கதவருகே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டி, ஒரு வயசான மனுசனக் கூட்டியாந்து இந்தக் கூத்தா பண்ணுவ? ஐயா, நீங்க எந்திரிங்க. நா புடிச்சுத் தாரேன்."

"வேணாம்மா" என்றார் அவர், விறகுக்கு அடியிலிருந்து. "இது கையில அகப்படாம ஓடுறதப் பாக்கத்தான் வந்தேன்."

ஒன்பது பிடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பஸ்ஸில் டப்பாவை அவரே மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே கிடந்தவை மழை மாதிரிச் சத்தம் போட்டன. பக்கத்தில் இருந்தவர் என்னய்யா டப்பாவில் என்று கேட்டபோது, பட்சணம் என்று சொல்லி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவுக்குள் நான்கு பூச்சிகளைப் பார்த்தோம். நான்கும் உதைத்தன, நான்கிலும் இழையைப் பிரிக்க என் உயிர் போயிற்று. பழகிய கை எங்கே போனதென்று தெரியவில்லை. நான்கிலும் வால் இல்லை. பிறகு ஆச்சியிடம் நான் கேட்டு வாங்கி வந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து ஆல்கஹாலில் கரைத்து, அதில் துளியளவு கிண்ணத்தின் உப்புநீரில் கலந்து காத்திருந்தோம். அரை மணி நேரத்தில், எங்கள் கண்முன்னால், எங்கள் வீட்டுக் கரப்பானின் நரம்பில் அதே வால் மெல்ல முளைத்து நீண்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் கேமராவில் படச்சுருளை மாற்றினார்.

வியாழக்கிழமை வந்தவர் ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குச் செலவு ஆகும் என்று நினைப்பவர்போல இருந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேராசிரியர் சொல்லிவிட்டார், உங்களுக்கு எழுதியது தவறு, சரியானதை இப்போது காட்டுகிறோம் என்று. மிச்சமிருந்த அமராவதிபுதூர்ப் பூச்சிகளை வைத்து இரண்டையும் காட்டினோம், பொடிக்கு முன், பொடிக்குப் பின். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் எழவில்லை. கொடியில் தொங்கிய படச்சுருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த வீடு எது, போய்ப் பார்க்கவேண்டும் என்றார். சொல்லமாட்டேன் என்றேன். ஏன் என்றார். அந்த வீட்டில் கல்யாணம் இருக்கிறது என்றேன். டெல்லியிலிருந்து வந்தவருக்கு அது எந்த அளவுக்குப் புரிந்தது என்று தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்று ஆண்டு கேட்டோம், ஓராண்டு கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டு ஒரு வரி இருக்குமா என்று கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். இல்லை. அந்த ஓராண்டில் நான் ஆராய்ச்சிக்காரி ஆனேன், அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பேராசிரியர் அந்த ஆண்டோடு ஓய்வுபெற்றார். அவர் பெயரில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆச்சியிடம் சொல்லப் போனபோது அவர் முகம் வாடிவிட்டது. "ஒன் வேலைக்கு ஒண்ணும் பங்கமில்லையே?" என்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பின்கட்டில் மேலக்கோடி அறையைத் திறந்து காட்டினார். "இங்குட்டு மட்டும் பொடி போடல. வேலைக்காரிய நொழையவே விடல. ஒனக்குன்னு விட்டு வச்சிருக்கேன், ஓட்டமா ஓடுதுக பாரு" என்றார். ஓடின. அந்தக் குடும்பத்தின் வீடு எது என்று நான் இப்போதும் சொல்லப்போவதில்லை.

இனி ஆறாவது கட்டத்துக்கு வருகிறேன். பழைய பதிவேடு துறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, முதுகில் பச்சைத் துணி ஒட்டியது. ஆவணிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் புதன்கிழமைதான் பேராசிரியர் பென்சிலால் கோடிழுத்து ஒரு புதுக் கட்டம் போட்டார். அதில் முதல் வரி அவர் எழுதியது: 'பிடித்தது நான். இடம் அமராவதிபுதூர், விறகு அறை. சிரமம் ரொம்ப. இரண்டு முறை விழுந்தேன், ஒன்று கடித்தது.'

அதற்கு நேரே, படத்தில் கண்டதை எழுதும் கட்டத்தில், அதே கையெழுத்தில் 'வால் இல்லை' என்று இருக்கும். அதை எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்க் கரும்பலகையை அழித்தார், கலர் சாக்பீஸில் வரைந்தது முழுவதையும். திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினார். சாக்பீஸ் தூள் பட்ட விரல்தடம் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இன்னும் மங்கலாக இருக்கிறது.